உலுண்டிக்கு இரண்டு பயணச்சீட்டு

போன வருடம் மார்ச்சில் ஒரு காலை, ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நான் வேலை செய்த கட்டடத்தை விட்டு ரயில் நிலையம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால், கையில் ஒரு முட்கிளையுடன், தென்னாபிரிக்காவின் சூலு இனத்தவர் ஒருவர் போனார். அவருடைய தம்பி பத்து நாளுக்கு முன்பு அந்தக் கட்டடத்தில் விழுந்து செத்தவன். உடல் விமானத்தில் போய்விட்டது. உயிரை அந்தக் கிளையில் ஏற்றி ஊருக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்திருந்தார்.

தம்பியும் நானும் ஒரே அறையில் இருந்தோம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவன் அரைகுறை டொச் மொழியில் சரித்திரம் சொல்வான். அவன் ஊர் உலுண்டி. உயர்ந்த இடம் என்று பொருளாம். ராஜாவின் தலைநகரம்; வெள்ளைக்காரர் எரித்தார்கள். நூறு வருடம் கழித்து மறுபடி தலைநகரமானது. பிறகு அந்தப் பட்டம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

"தலைநகரத்தான் சீமெந்து தூக்குறான்!" என்று சீண்டுவேன்.

"உன்ர நல்லூரிலையும் ராஜா இருந்தவர் எண்டு சொன்னனீயெல்லே? நீயும் தூக்கு" என்பான்.

உயரத்தில் விழாமல் கட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டை யாருக்கும் தரவில்லை. "நான் உயர்ந்த இடத்தான்" என்று சிரித்தபடிதான் அன்றும் சாரக்கட்டில் ஏறினான். ஐந்தாம் தட்டிலிருந்து விழுந்ததை நான் பார்த்தேன். எங்களைப் பதியாமல் வேலைக்கு வைத்திருந்த மேற்பார்வையாளர், நம்மவர்தான், அவன் வாசல் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

அண்ணன் வந்து அந்த வாசல் படியில் கிளையை வைத்துத் தம்பியைக் கூப்பிட்டார். விழுந்த இடத்தில் கூப்பிட்டால்தான் உயிர் கூட வரும், இல்லாவிட்டால் அங்கேயே அலையும் என்று தம்பி எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தான்.

மேற்பார்வையாளர் என் காதருகே வந்தார். "வாயைத் திறந்தியெண்டால் நாளைக்கு வேலை இல்லை. விளங்குதோ?"

"விளங்குது அண்ணை. ஆனா இனி ஏலாது."

அண்ணனைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போய் அவன் விழுந்த மண்ணைக் காட்டினேன். முழங்காலிட்டு வெகுநேரம் பேசினார். பிறகு கிளையை எடுத்துக்கொண்டு நடந்தார். வழியில் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. கிளை கையில் இருக்கும்வரை செத்தவரோடு மட்டும்தான் பேச்சு.

நிலையத்தில் இரண்டு பயணச்சீட்டு எடுத்தார். ரயிலில் பக்கத்து இருக்கையில் கிளையை வைத்து ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது உலுண்டி ஒன்றுதான்.

அங்கிருந்து பொலிசுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஓர் உணவகத்தின் நிலவறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். என் வாய் மூடியிருந்த அந்தப் பத்து நாளும் அவன் அந்த மண்ணில் தனியே நின்றான் என்பது, கை தண்ணீரில் இருக்கும்போதெல்லாம் இன்றும் நினைவுக்கு வருகிறது.