பம்ப்செட் தொட்டியில் வளர்ந்த கல்

தெய்வானை இறந்துபோன செய்தியை அவர் மகள்தான் காலையில் போன் செய்து சொன்னாள். "அம்மா தவறிட்டாக சார். ஒங்களுக்கு மொதல்ல சொல்லணும்னு தோணுச்சு." காரைக்குடியில், தண்ணீரைப் பரிசோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடமொன்றில் பதினெட்டு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசைகளில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவருடைய ஓயாத கேள்விகளைப் பற்றி அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டாலும், கெட்டிலுக்குள் படிந்த வெள்ளையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

கல்லல் பக்கம் சேது என்ற விவசாயியின் கிணற்று நீரை ஒருமுறை நான் பரிசோதித்தேன். 'சுண்ணாம்பு அதிகம் கலந்துள்ளது' என்று அறிக்கை கொடுத்தேன். வழக்கமாக எழுதும் வாக்கியம்தான். சேதுவின் தம்பி முத்தையா அந்த ஆண்டுதான் வீடு கட்டுவதற்காகப் பக்கத்து மனையில் சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி நீற்றக் குழி வெட்டியிருந்தார். தம்பி கிணற்றைக் கெடுத்துவிட்டார் என்று முடிவுகட்டிய சேது, அவர் வீட்டுக்குப் போகும் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டார். கேட்டவர்களிடமெல்லாம் என் அறிக்கையைக் காட்டினாராம்.

கேள்விப்பட்டதும் எனக்குக் கூசிவிட்டது. தெய்வானை குறை சொல்லவில்லை. "கலந்துருக்குன்னா யாரோ கலக்குனதாத்தானே சார் படிப்பாக? வாங்க, போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

அங்கே போனதும் பம்ப்செட் தண்ணீர் விழும் தொட்டியின் முன் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் விழும் இடத்தில் விரல் தடிமனுக்கு வெள்ளையாக ஏதோ இறுகி ஒட்டியிருந்தது. உளியால் ஒரு சில்லைப் பெயர்த்தார். உடைந்த விளிம்பில் வரிவரியாக அடுக்குகள் தெரிந்தன.

"தொட்டிய எப்பக் கட்டுனீக?"

"எங்கப்பா இருந்தப்ப. முப்பது வருசமிருக்கும்" என்றார் சேது.

"அப்பருந்து வளருது இது. ஒங்க தம்பி குழி வெட்டுனது இந்த வருசந்தானே?"

சேது அந்தச் சில்லை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப இம்புட்டுச் சுண்ணாம்பு எங்குட்டிருந்து வருது?" என்று கேட்டார்.

தெய்வானை ஒரு சட்டியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே எடுத்துவரச் சொல்லி அடுப்பில் வைத்தார். தெளிந்திருந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கலங்கியது. அடியில் வெள்ளையாக மாவு தங்கியது. "மழத்தண்ணி மண்ணுக்குள்ள எறங்கையில, வேர் விடுற காத்த வாங்கிக்கிருது. அது சேந்தாத்தான் பாறையில இருக்க சுண்ணாம்பக் கரைக்கத் தண்ணிக்குத் தெம்பு வரும். வெளிய வந்து விழுந்து செதறயிலயும், இப்படிக் கொதிக்கயிலயும் அந்தக் காத்து போயிரும். கரைஞ்சது கல்லாத் தங்கிரும்" என்றார்.

அன்று மாலையே சேது முள்ளை அப்புறப்படுத்தினார். தம்பியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "வேல எம்புட்டு ஆச்சு?" என்று விசாரித்தார், அவ்வளவுதான். நான் 'கரைந்துள்ளது' என்று திருத்தி வேறு அறிக்கை கொடுத்தேன்.

தெய்வானைக்கு விஷயம் அதோடு முடியவில்லை. அந்த அடுக்குகளில் ஒன்று உருவாக எத்தனை நாளாகும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். கூரை ஓட்டுத் துண்டு ஒன்றில் தேதியைக் கீறி, தண்ணீர் விழும் இடத்தில் கம்பியால் கட்டிவிட்டு வந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தை பிறந்தால் போய்ப் பார்ப்பார். "இன்னும் ஓரடுக்கு முழுசாச் சேரல சார்" என்று போனில் சொல்லிச் சிரிப்பார்.

காரியம் முடிந்த மறுநாள் சேது கூப்பிட்டார். "மேடம் கட்டுன ஓடு அப்படியே கெடக்கு. அவுத்துறவா, இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றேன். தெய்வானையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது விடை தெரியாத அந்த ஒரு கேள்விதான். தையில் நான் வந்து பார்க்கிறேன் என்று சேதுவிடம் சொல்லியிருக்கிறேன்.