சுமலதா டிரா செய்த ஆட்டம்

சுமலதா பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள், அரசு அலுவலகத்தில் கிளார்க். புதுச்சேரியில் பெண்கள் செஸ் போட்டி நடந்தால் கடைசிச் சுற்று பெரும்பாலும் அவளுக்கும் கணக்கு டீச்சர் ஃபரீஹாவுக்கும்தான். பத்து வருடங்களாக அப்படித்தான்.

அந்த வருடப் போட்டிக்கு நாற்பது நாள் முன்பு சுமலதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நிறைமாதம். உயிரில்லை. பால் நிற்க டாக்டர் மாத்திரை கொடுத்தார். பால் நின்றது. அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வீட்லயே இருந்து என்னா பண்ணப் போற? போய் ஆடிட்டு வா," என்று கணவன் செல்வகுமார்தான் பெயர் கொடுத்தான்.

போனாள். ஜெயித்தாள், கைகொடுத்தாள், அடுத்த பலகைக்குப் போனாள். கடைசிச் சுற்றுக்கு முன் ஃபரீஹா அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். சுமலதா ஜெயித்தால்தான் கோப்பை.

மூன்று மணி நேரத்தில் யானைகளும் சில சிப்பாய்களுமே மிஞ்சின. சுமலதாவிடம் இரண்டு சிப்பாய்கள் அதிகம். ஃபரீஹா யானையால் செக் வைத்தாள். சுமலதா ராஜாவைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி செக். ராஜா பழைய கட்டத்துக்கே வந்தது. முன்னால் ஏற்றியிருந்தால் செக் ஓய்ந்து, சிப்பாய் ராணியாகியிருக்கும். ஃபரீஹாவுக்கும் அது தெரிந்தது. ஒரே நிலை மூன்றாம் முறை வந்ததும் கடிகாரத்தை நிறுத்தி நடுவரைக் கூப்பிட்டாள். விதிப்படி டிரா. கோப்பை ஃபரீஹாவுக்கு.

வெளியே, ஸ்கூட்டர் நிறுத்திய இடத்தில் ஃபரீஹா கேட்டாள்.

"சுமா, ராஜாவ மேல ஏத்தியிருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப. பாக்கலியா?"

"பாத்தேங்க்கா."

"அப்புறம் ஏன்?"

"தெரியல. ஜெயிச்சாலும் ஒண்ணுதான், ஜெயிக்கலன்னாலும் ஒண்ணுதான்னு இருந்துச்சு. கை போவல."

ஃபரீஹா கோப்பைப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினாள். கொஞ்சம் தயங்கினாள்.

"கொழந்தைக்குப் பேரு பாத்து வச்சிருந்தீங்களா?"

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை.

"கலைமகள்," என்றாள் சுமலதா. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"நான் கேட்டிருக்கக் கூடாதோ?"

"இல்லக்கா. கேளுங்க. அவரு கேக்கவே மாட்டேங்கிறாரு." தலையை நிமிர்த்தி, "பசிக்குதுக்கா," என்றாள்.

எதிர்க் கடையில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் சாப்பிட்டார்கள். தட்டு காலியானதும் சுமலதா கடைக்காரரிடம் நீட்டினாள்.

"இன்னும் ரெண்டு வைங்கண்ணே."