எஸ்ரா டாலிவர் பன்றி கொடுத்து வாங்கிய பக்கம்

ஐயோவாவில் எங்கள் டன்மோர் ஊரில் எஸ்ரா டாலிவரைப் போல வாய் திறக்காத ஆள் கிடையாது. கிணறு வெட்டுவது தொழில். ஒருமுறை மண் சரிந்து கழுத்துவரை மூடியபோதுகூட, மேலே நின்றவன் தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை சும்மாவே இருந்தானாம்.

அப்பேர்ப்பட்டவன் விதவை கொர்னீலியா ஸ்ப்ராட்டிடம் போய்க் கல்யாணம் கேட்டுவிட்டான். அந்த அம்மாள் மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு, "உங்களப் பத்தி நாலு வார்த்தை சொல்ல என்ன இருக்கு, எஸ்ரா?" என்று கேட்டாள். எஸ்ரா ஒரு மணி நேரம் யோசித்தான். அடுப்பில் ரொட்டி வெந்தது. இவனுக்கு ஒன்றும் வரவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனான்.

அந்த வாரமே ரயிலில் வந்து இறங்கினார் பேராசிரியர் வாண்டர்லின். முதலில் மீசை வாசலில் நுழையும். கொஞ்சம் பொறுத்து அவர் நுழைவார். எங்கள் மாவட்டத்துப் பெரிய மனிதர்களின் வாழ்க்கையைத் தோல் அட்டை போட்ட புத்தகமாக அச்சடிக்கப் போகிறாராம். ஆளுக்கு ஒரு பக்கம், பன்னிரண்டு டாலர் முன்பணம். அவ்வளவுதான், ஊரில் இருந்த அத்தனை பேரும் பெரிய மனிதர்கள் ஆனார்கள். மேயர் பிம், உள்நாட்டுப் போரில் குண்டு மழைக்கு நடுவே கொடி பிடித்து ஓடியதாகச் சொன்னார். போர் நடந்த நாலு வருஷமும் அவர் கனடாவில் கோழி விற்றுக்கொண்டிருந்தார். பாஸ்டர் லூமிஸ், தன் முப்பாட்டனார் இந்த நாட்டுக்கு வந்த முதல் கப்பலில் இறங்கியதாகச் சொன்னார். எங்கள் ஊர்க்காரர்கள் ஏற்றிவிட்ட முப்பாட்டன்களை எல்லாம் சுமந்திருந்தால் அந்தக் கப்பல் துறைமுகத்தைத் தாண்டியிருக்காது.

எஸ்ராவிடம் டாலர் இல்லை. வளர்த்த பன்றியைக் கொடுத்தான். புத்தகத்தில் நாலு வரி வந்துவிட்டால் அதைக் கொர்னீலியாவிடம் நீட்டிவிடலாம் என்று கணக்கு.

ஜூன் மாதம் பேராசிரியரைக் காணவில்லை. அடுத்த மாவட்டத்தில் ஷெரீஃப் பிடித்தபோது கையில் ஊர்க்காரர்கள் சொன்னதையெல்லாம் அவர் எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் இருந்தது. பணமும் பன்றியும் வயிற்றுக்குள் போயிருந்தன. யாராவது கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்தால் நோட்டுதான் சாட்சி, அதைக் கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்றார் நீதிபதி. ஊர் முழுக்கப் பேராசிரியரை மன்னித்துவிட்டது. எஸ்ரா மட்டும் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் மேயர், எஸ்ரா வெட்டிக்கொண்டிருந்த கிணற்றின் விளிம்பில் குப்புறப் படுத்துக் குரல் கொடுத்தார்.

"ஒரு பன்னிதானய்யா போச்சு? நான் ரெண்டா தர்றேன். கையெழுத்த வாபஸ் வாங்கிக்க."

பிறகு பாஸ்டர் வந்து மன்னிப்பின் மகிமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசி, சினைப்பன்றி ஒன்று தருவதாக முடித்தார். சாயங்காலத்துக்குள் பதினோரு பன்றிகள் சேர்ந்துவிட்டன. எஸ்ரா கீழேயிருந்து சொன்னது இவ்வளவுதான்:

"பன்னி வேணாம். என் பக்கத்தப் படிக்கட்டும். அந்தம்மா கேக்கட்டும்."

"உன் பக்கம் மட்டும் போதுமா?" என்றார் மேயர்.

"மத்தவங்களோடது எனக்கெதுக்கு?"

அறுபது வயசு மேயர் நீதிபதி வீட்டுக்கு ஓடிய வேகத்தைப் பார்த்தால், போரில் கொடி பிடித்து ஓடியது நிஜம்தானோ என்று தோன்றும். அந்த ஒரு பக்கமே போதும் என்று நீதிபதியும் ஒத்துக்கொண்டார்.

கோர்ட்டில் கொர்னீலியா முன்வரிசையில் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். நீதிபதி வாசித்தார்: "டாலிவர், எஸ்ரா. கிணறு வெட்டுபவர். நாற்பத்தோரு கிணறு. ஒன்றில் தண்ணீர் இல்லை. வேறு எதுவும் சொல்ல மறுக்கிறார். பன்றி, நல்ல பன்றி."

பேராசிரியர் எழுந்து நின்றார். "மூணு நாள் கெஞ்சினேனுங்க. ஒரே ஒரு பொய் கேட்டேன். மாட்டேன்னுட்டாரு. நான் எத வச்சு எழுத?"

கூரை இடிகிற மாதிரி ஊர் சிரித்தது. எஸ்ரா தன் தொப்பிக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். பேராசிரியருக்கு முப்பது நாள் ஜெயில் கிடைத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. கொர்னீலியா பின்னுவதை நிறுத்தியிருந்தாள்.

"தண்ணி இல்லாத கிணறு யாரோடது?"

"என்னோடதுதான்."

"அதனாலதான் ஆறு வருஷமா தண்ணி எடுக்க என் கிணத்துக்கு வந்துட்டிருக்கீங்களா?"

எஸ்ரா யோசித்தான். இந்த முறை ஒரு மணி நேரம் ஆகவில்லை.

"தண்ணிக்குன்னா எங்க வீட்டுப் பின்னாலயே ஓடை ஓடுது."

கொர்னீலியா பின்னல் ஊசிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"பாஸ்டரய்யா, வியாழக்கிழமை உங்களுக்கு வேற வேலை இருக்கா?"

இல்லவே இல்லை என்றார் பாஸ்டர். அவருடைய பக்கத்தை வாசிக்காமல் விட்ட நிம்மதியில், அங்கேயே நிற்கவைத்துக்கூடக் கல்யாணத்தை நடத்திவைத்திருப்பார்.