ஹாஜியாரின் கடைக்கு மச்சான் எழுதிய பலகை

புதுக் கடையின் சீமெந்துத் தரையில் பாய் விரித்து, அதன் மேல் வெள்ளைச் சீலை விரித்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டுகளான சோற்றுச் சகன்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சகனையும் சுற்றி ஆட்கள் உட்கார்ந்து, பிஸ்மி சொல்லிக் கை வைக்கப் போகிற நேரம். கடைக்காரர் ஹாஜியார் தனக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அந்த இடத்தைக் கையால் தட்டித் தட்டி, “வாங்க ஆர்ட்டிஸ்ட், இங்கால வாங்க, என்ட சகன்ல இரிங்க” என்று கூப்பிட்டார். பெரிய மரியாதைதான். ஆனால் மச்சான் கை கழுவவில்லை. நகக்கண்ணில் கடைப் பலகை எழுதிய சிவப்புப் பெயின்ட் காய்ந்திருக்க, வாசல் நிலையோடு சாய்ந்து நின்றுகொண்டு, “இரிக்கிறன் ஹாஜியார். போட் எழுதின காசத் தந்தீங்கெண்டா இரிக்கிறன்” என்றார்.

நாற்பது வருடம் ஆகப் போகிறது. அந்தச் சொல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மச்சான் என்றால் என் மனைவியின் மூத்த காக்கா, அண்ணன். கல்முனைச் சந்தைப் பக்கம் நான் தேநீர்க் கடை வைத்திருந்த காலத்தில் அவர் கூட்டுறவுக் கடையொன்றில் சாமான் நிறுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். மாதச் சம்பளம். எழுபத்தேழுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் வந்து குவிய, கல்முனையில் கடைக்கு மேல் கடை திறந்தார்கள். கடையென்றால் பெயர்ப்பலகை வேண்டும். சின்ன வயதிலிருந்தே மச்சானுக்குக் கை அழகு. சம்பளத்தை விட்டுவிட்டுப் பிரஷைப் பிடித்தார். பலகை எழுதுவார், தோணியிலும் லொறியிலும் பெயர் எழுதுவார், பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரையில் படம் கீறுவார், கலியாணத்துக்கு வாழ்த்துப் பாட்டு இயற்றிப் பூவேலை செய்த தாளில் எழுதிக் கொடுப்பார். வேலைக்குக் குறைவே இல்லை. காசுதான் இல்லை.

காசு தரமாட்டேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. அதுதான் இதில் உள்ள கொடுமை. “நம்மட ஆள்தானே” என்பார்கள். “பெருநாள் கழியட்டும்” என்பார்கள். “ஒங்களுக்கு நான் துஆச் செய்றன்” என்பார்கள். கடை திறக்கிற அன்று ஓதிச் சோறு போடுவார்கள். மச்சானைக் கூப்பிட்டு முதலாளியின் சகனிலேயே உட்கார வைத்து, இறைச்சித் துண்டை அவர் பக்கம் தள்ளி விடுவார்கள். ஒரே சகனில் கை போட்டுத் தின்ற மனிதனிடம் மறுநாள் போய்க் கூலி கேட்க எங்கள் ஊரில் யாருக்கு வாய் வரும்? கேட்டால், “தின்ட கை காயல்ல, அதுக்குள்ள வந்திட்டான்” என்று சிரிப்பார்கள். அதே கடைக்குக் கல் வைத்த மேசனுக்கு அன்றன்று கூலி. மூட்டை தூக்கினவனுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. எழுதினவனுக்கு மட்டும் சோறும் துஆவும். துஆ பெரிய பொருள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கலாம் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடு என்று நபிகள் நாயகம் சொன்னதைப் பள்ளிவாசல் மிம்பரில் சொல்லக் கேட்டுக் கண் கலங்கிய முதலாளிமார்தான் வெளியில் வந்து இதைச் செய்தார்கள்.

என் கடையில் மச்சான் தேநீர் குடிக்கிறபோது ஆட்கள் விடமாட்டார்கள். “என்ன ஆர்ட்டிஸ்ட், மச்சினன்ட கடையில தேத்தண்ணி சும்மாவோ?” என்று ஒருவன் கேட்டான். “சும்மா தாறத்துக்கு இவர் என்ன பலகையா எழுதுறார்?” என்று மச்சான் சொல்லிக் காசை மேசையில் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அவருக்கு ஒரு பெண்பிள்ளை இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வருவான். மார்க்கத்தில் இல்லாத வழக்கம்; பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. ஆனாலும் ஊர் வழக்கத்தை எதிர்த்துப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருக்க எந்த வாப்பாவுக்கு மனம் வரும்? வளவின் ஒரு மூலையில் மச்சான் அத்திவாரம் போட்டுச் சுவரை யன்னல் மட்டத்துக்கு உயர்த்தியிருந்தார். அதற்கு மேல் ஒரு கல் ஏறவில்லை. மழை பெய்தால் அந்தச் சுவர்களுக்குள் தண்ணீர் தேங்கும். மச்சானின் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவது. அவ அந்தப் பக்கம் பார்க்காமல்தான் கிணற்றடிக்குப் போவா.

அந்தச் சமயத்தில்தான் ஹாஜியார் புதுக் கடையின் பலகை வேலையைக் கொடுத்தார். கடையின் அகலம் முழுவதும் ஓடுகிற பலகை, மூன்று மொழியிலும் எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல். விலை கேட்டபோது, “அதெல்லாம் பாத்துத் தருவன், நீங்க வேலையத் தொடங்குங்க” என்றார். பெயின்ட் மச்சானின் காசு. கச்சான் காற்றுக் காலம் அது. வெயில் ஏறிக் காற்றுக் கிளம்பினால் மணல் வந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும். அதனால் விடியுமுன் சுபஹுத் தொழுத கையோடு ஏணியில் ஏறுவார். காற்றுக்கு முன் முடிந்தது மட்டும்தான் அன்றைய வேலை. அந்தப் பலகை எழுதி முடிந்ததும் சனம் தெருவில் நின்று பார்த்தது. பொய் சொல்லக் கூடாது, ஹாஜியாரும் நின்று பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்.

கடை திறந்த அன்றைக்கு, சகன் முன்னால் காசுப் பேச்சைக் கேட்டதும் ஹாஜியாரின் முகம் கறுத்துப் போயிற்று. “சாப்பாட்டுச் சகன்ல வெச்சிக் காசு கேக்கிறதோ? வெக்கமில்லையோ?” என்றார்.

“சாப்பிட்டப் பொறகு கேட்டா எனக்குத்தான் வெக்கம், ஹாஜியார். அதான் முந்திக் கேக்கிறன்.”

ஒரு பெரியவர் தலையிட்டு, “அல்லாஹ்ட பறக்கத் இறங்கிற எடம் மகன், இதையெல்லாம் நாளைக்குக் கதைப்பம், வந்து இரி” என்றார். மச்சான் அவருக்கும் ஹாஜியாருக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நானும் எழுந்து பின்னால் போனேன். என் கடையடிக்கு வந்ததும், “பசிக்குது மச்சான், ரெண்டு பணிசு எடு” என்றார்.

காசு வரவில்லை. வந்தது வேறு. ஆர்ட்டிஸ்ட் சோற்றை மதிக்காதவன், சகனை உதறிவிட்டுப் போனவன் என்று ஹாஜியார் கடைத்தெருவெல்லாம் சொன்னார். மற்ற முதலாளிமாருக்கும் அது வசதியாகப் போயிற்று. தங்களிடமும் நாளைக்கு வாசலில் நின்று கேட்பான் என்ற பயமாக்கும். மட்டக்களப்பிலிருந்து ஆள் கூப்பிட்டு எழுதுவித்தார்கள். அந்த ஆளுக்குக் காசு கொடுத்தார்கள்! வெளியூர்க்காரன், சகனைக் காட்டி அவன் வாயை மூட முடியாது. சொந்த ஊரில், சொந்த ஜமாஅத்தில் பிறந்ததுதானா மச்சான் செய்த குற்றம்? ராத்தா பாய் இழைத்து விற்று அடுப்பெரித்தா.

இந்த நிலையில்தான் மச்சான் ஒரு காரியம் செய்தார். ஊருக்கெல்லாம் பலகை எழுதியவரின் வீட்டில் அதுவரை பலகையே இல்லை. தகரமொன்றை எடுத்துத் தனக்கே ஒன்று எழுதி, தெருவைப் பார்த்து மாட்டினார். பெயர்ப்பலகை ஓரடிக்கு இவ்வளவு. தோணிப் பெயர் இவ்வளவு. கலியாண வாழ்த்து இவ்வளவு. பாதி முன்பணம், மீதி வேலை முடிந்ததும். இவ்வளவுக்கும் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில்: சாப்பாடு வேண்டாம்.

ஊர் சிரித்தது. கலைக்கு அரிசி விலை போல விலை போட்டுவிட்டான் என்று படித்தவர்களும் முகம் சுளித்தார்கள். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு தோணிக்காரர் வந்து அந்தத் தகரத்தின் முன்னால் நின்று, விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, “இவ்வளவுதானா? இதக் கேக்கவா நான் இத்தின நாளாப் பயந்து திரிஞ்சன்?” என்றார். மச்சான் முதலாளிமாரின் ஆள், நம்மால் தாங்காது என்று நினைத்திருக்கிறார். அவரைப் பார்த்து மற்றத் தோணிக்காரர்கள் வந்தார்கள். லொறிக்காரர், சைக்கிள் திருத்துகிறவர், அட்டாளைச்சேனையிலிருந்து புடைவைக்காரர், பாண்டிருப்பிலிருந்து சலூன்காரர். எல்லோரும் சின்ன மனிதர்கள். எல்லோரும் கையில் காசோடு வந்தார்கள். விலை தெரிந்ததால் அவர்களுக்கும் பயமில்லை, மச்சானுக்கும் கெஞ்சல் இல்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஓர் ஒழுங்கு வந்தது. வேளாண்மை வெட்டி ஊரில் காசு புழங்கும் காலத்தில் பலகை வேலையை முடிந்தவரை எடுப்பார். மாரி மழையில் வெளிவேலை நடக்காது. அப்போது வீட்டுக்குள் இருந்து கலியாண வாழ்த்தும் நாடகத் திரையும். வருகிற காசில் முதலில் பெயின்டுக்கு எடுத்து வைப்பார், அடுத்தது வீட்டுக்கு, மிச்சம் அடுப்புக்கு. “பெயின்டுக் காசத் தின்டா நாளைக்குக் கையத்தான் திங்கணும்” என்பார். சுவர் யன்னலைத் தாண்டியது. கூரை ஏறியது. பிள்ளைக்கு நல்ல இடத்தில் பேச்சு வந்தது. தமிழருக்கும் எங்களுக்கும் குழப்பம் வந்த காலத்தில் பாண்டிருப்புப் பக்கம் போக முடியாமல் கொஞ்சம் தடங்கல். ஆனாலும் கதவும் யன்னலும்தான் பாக்கி என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இன்றைக்குக் கொம்பியூட்டரில் கடைக்கும் கலியாணத்துக்கும் வடிவமைத்துக் கொடுக்கிற பிள்ளைகளிடமும் இதே கதைதான். “ஒரு டிசைன்தானே, சும்மா தட்டித் தா தம்பி” என்று பள்ளிவாசல் வாசலிலேயே கேட்கிறார்கள். அந்தப் பிள்ளை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டால் எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வருகிறது.

கதவு போடுமுன் மச்சான் மௌத்தாகிவிட்டார். ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால், எங்கும் செய்வது போல இமாம் திரும்பி நின்று, “மௌத்தானவர் ஆருக்கும் கடன் குடுக்க இரிந்தா குடும்பத்தாரிட்டச் சொல்லுங்க, இல்லாட்டி மன்னிச்சிடுங்க” என்றார். அவருக்கு யாரிடமும் கடன் இல்லை. ஆனால் முதல் வரிசையில், உடல் வைத்த சந்தூக்குக்கு நேரே, ஹாஜியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மௌத்தானவனின் கடனைக் கேட்கிறோம். மௌத்தானவனுக்குக் கடன்பட்டவன் யார் என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? நான் வாய் திறந்தேன். அதற்குள் இமாம் தக்பீர் கட்டிவிட்டார். தொழுகையில் நின்றேன், என் மனம் நிற்கவில்லை, அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். முன்மண்டபத்தில் கதவு வேலைக்குப் பேசியிருந்த தச்சரும் முதலில் வந்த அந்தத் தோணிக்காரரும் இன்னும் சிலரும் இருந்தார்கள். ராத்தா இத்தாவில், கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராதிருக்கும் காலத்தில், இருந்ததால் உள்ளறை வாசலில் சீலை தொங்கியது. ஹாஜியார் என்னிடம் ஒரு கடித உறையை நீட்டி, எல்லோருக்கும் கேட்க, “இது சதக்கா, தம்பி. வாப்பா இல்லாத எத்தீம் புள்ளட ஊட்டுக்குக் கதவப் போடுங்க” என்றார்.

நான் உறையைத் தொடவில்லை. அந்த மனிதன் வெயிலுக்கு முன் ஏணியில் நின்று உழைத்த காசு அது. அதையே ஹாஜியார் மச்சானின் பிள்ளைக்குத் தர்மமாகக் கொடுத்து, அதற்கும் மறுமையில் நன்மை எழுதிக்கொள்ளப் பார்க்கிறார். நான் பேசுமுன் சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

“தம்பி, எங்களுக்கு சதக்கா வேணாமெண்டு ஹாஜியாரிட்டச் சொல்லுங்க.”

“அல்லாஹ்வுக்காகத் தாறன் மகள், மறுக்கப்படாது” என்றார் ஹாஜியார்.

“அல்லாஹ்வுக்காகக் குடுக்கிறத இல்லாத ஆக்களுக்குக் குடுங்க. இது ஒங்கட போட் எழுதின மனிசன்ட கூலி. கூலியெண்டு சொல்லித் தந்தா எடுக்கிறன்.”

“எல்லாம் ஒண்டுதானே மகள்.”

“ஒண்டெண்டா சொல்றத்துக்கென்ன?”

தச்சர் தலையைக் குனிந்துகொண்டார். தோணிக்காரர் குனியவில்லை, ஹாஜியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்தார். பிறகு தரையைப் பார்த்து, “கூலிதான்” என்றார்.

“சீலைக்கு இங்கால கேக்கல்ல.”

“கூலி” என்றார் ஹாஜியார், இந்த முறை நிமிர்ந்து. “அவர்ட கூலி.”

“தம்பி, வாங்கி எண்ணுங்க.”

“எண்ணவும் வேணுமா?” என்று ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

“சதக்காவெண்டா எண்ணத் தேவல்ல” என்றா ராத்தா. “கூலிய எண்ணித்தான் வாங்கணும்.”

நான் உறையைப் பிரித்து, எல்லோரும் பார்க்க, ஒவ்வொரு தாளாக எண்ணத் தொடங்கினேன்.