ஓரம் நனைத்தால் போதும்

பாண்டிராஜ் பரவை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். ஐம்பத்திரண்டு வயசு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லோடு வந்தாலும் போகமாட்டார். அன்று காலையில் வைகைக்குள் இடுப்பளவு சாக்கடையில் நிற்பார். அதை ஆறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

வில்லாபுரத்தில் பைக் சீட் தைக்கிற ஜலீல் பாய் ஆற்றைச் சுத்தம் செய்யச் சேர்த்த கூட்டத்தில் அவரும் ஒருவர். இருபது பேர் வருவார்கள், முகூர்த்த நாளென்றால் ஆறு பேர். எல்லோரும் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போடுவார்கள். பாண்டிராஜுக்குத் தனி வேலை, செத்தவர்களின் துணி. கருமாதி முடிந்ததும் செத்தவர் உடுத்திய துணி, படுத்த பாய், தலையணை எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது வழக்கம். விட்டவர்கள் போய்விடுவார்கள். துணி போகாது. போக அங்கே தண்ணீர் ஓட வேண்டுமே. செடியின் வேரில் சுற்றிக்கொண்டு கிடக்கும். அதைத் தொட மற்றவர்களுக்குக் கை வராது. பாண்டிராஜ் மார்க்கெட்டில் மூட்டைக்குப் போடும் கொக்கியையே இதற்கும் போட்டு இழுப்பார்.

மூன்று வருஷம் இழுத்தும் குறையவில்லை. அப்புறம்தான் பழைய கிணற்று உறை மூன்றை வாங்கி, கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டி மாதிரி நிறுத்தினார். துணியை இதில் போடுங்கள் என்றால் எவன் கேட்பான்? ஒரு பெரியவர் அடிக்கவே வந்துவிட்டார். அன்றைக்குத்தான் பாண்டிராஜ் அந்தப் பொய்யைச் சொன்னார்.

"துணியோட ஓரத்த மட்டும் ஆத்துல நனைச்சு இதுல போட்டாப் போதும்யா. முறையே அதான்."

"யாரு சொன்னா?"

"எங்க பக்கம் பூராம் அப்படித்தான்."

"உங்க பக்கம்னா?"

"கப்பலூருக்கு அங்கிட்டு."

கப்பலூருக்கு அங்கிட்டு அவருக்கு ஒரு நாதியும் கிடையாது. ஆனாலும் பெரியவர் ஓரத்தை நனைத்து உறையில் போட்டார். ஒரு வருஷத்தில் எல்லோரும் போட்டார்கள். இது தாத்தா காலத்து வழக்கம் என்று ஒருத்தர் பாண்டிராஜிடமே விளக்கம் சொன்னார். "புது சாஸ்திரமே எழுதிட்டீங்கண்ணே" என்று ஜலீல் பாய் சிரித்தார்.

போன மாசியில் பாண்டிராஜின் மனைவி தங்கப்பொண்ணு செத்துப்போனாள். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் சரிந்தாள், அவ்வளவுதான். பாண்டிராஜ் அழவில்லை. தாங்காத பாரத்தைத் தூக்கினால் தோள் உடனே வலிக்காது, மரத்துக் கிடக்கும். அப்படித்தான் இருந்தார். சோறு வைத்தால் தின்றார். யாராவது உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் காலையில் அவள் துணி மூட்டையோடு ஆற்றுக்கு வந்தார்கள். தங்கப்பொண்ணின் தம்பி விருமாண்டி கூடவே வந்தான். பாண்டிராஜின் கால் பழக்கத்தில் உறைப் பக்கம் திரும்பியது.

"எங்கிட்டுப் போறீங்க மச்சான்? தண்ணி இங்கிட்டுல்ல இருக்கு."

"உறையில போடணும் மாப்ள."

"அது ஊருக்கு. இது எங்கக்கா. கப்பலூரு கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். அக்காவே சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கு."

அவள் சிரித்தது பாண்டிராஜுக்குத் தெரியாது. மூட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"ஆத்துல விடலேன்னா அக்கா அடங்காது" என்றான் விருமாண்டி. "நீங்க சொன்ன பொய்ய வச்சே அத அனுப்புனீங்கன்னா, இனிமே உங்க வாசப்படி மிதிக்கமாட்டேன். பாத்துக்கங்க."

கருமாதிக்கு வந்திருந்த ஜலீல் பாய் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார். "ஆத்துலயே விடுங்கண்ணே. நம்மாளுக யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. ஞாயித்துக்கிழம நீங்க வர வேணாம். நானே எடுத்துர்றேன்."

பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். பாண்டிராஜுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. மூன்று நாள் ஊறிய சேலை கொழகொழவென்று ஆகிவிடும். கொக்கி போட்டால் முழுசாக வராது, கிழிந்துதான் வரும். எத்தனை பேர் அடங்கினார்கள் என்று அவர் கண்டதில்லை. எத்தனை சேலை கிழிந்தது என்று கண்டிருக்கிறார்.

தண்ணீரில் இறங்கி, பச்சைச் சேலையின் ஓரத்தை நனைத்தார். கரையேறி உறைக்கு நடந்தார். விருமாண்டி பின்னாலேயே வந்தான்.

உறை நிறைந்து கிடந்தது. அந்த வாரம் நாலு வீட்டுக் கருமாதி. மூட்டையை வைத்தால் மேலே துருத்திக்கொண்டு நின்றது. மற்ற நாளென்றால் ஏறி நின்று மிதித்து அமுக்குவார். விளிம்பில் ஒரு காலை வைத்தார், எடுத்துவிட்டார்.

"இது எங்கிட்டுப் போகும்?" விருமாண்டி கேட்டான்.

"சனிக்கெழம வண்டி வரும்."

"வந்து?"

இதைக் கேட்கிற எல்லோரிடமும், சுத்தமா எரிச்சுருவோம் என்றுதான் பாண்டிராஜ் சொல்வார். அன்று அது வாயில் வரவில்லை.

"குப்பைக் கெடங்குக்குப் போகும், மாப்ள."

விருமாண்டி உறைக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு அக்காவின் மூட்டையை எடுத்து மச்சான் கையில் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவரின் மெத்தையை வெளியே இழுத்துப் போட்டான்.

"அடியில வைங்க. மேல கெடந்தா நாயி இழுக்கும்."

உள்ளே இருந்ததையெல்லாம் இரண்டு பேருமாக எடுத்துக் கரையில் வைத்தார்கள். வேட்டி, போர்வை, ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை. தங்கப்பொண்ணின் மூட்டையை அடியில் இறக்கிவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார்கள். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் மெத்தையைப் போட்டுக் கையாலேயே அமுக்கினார்கள்.

கை கழுவ ஆற்றுப் பக்கம் திரும்பினார்கள். அந்தத் தண்ணீரில் எங்கே கழுவ? ஜலீல் பாய் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு பேர் கையிலும் ஊற்றினார்.