கிளி விரட்டுகிறவன் வீட்டுக் கிளி

போன வருடம் மாசியில் தொடங்கியது இது. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பந்தலில் பழம் கறுக்கத் தொடங்கினால் போதும், பச்சைக்கிளிக் கூட்டம் இறங்கிவிடும். தகரம் தட்டி, மண்ணாங்கட்டி எறிந்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் பந்தலைச் சுற்றி நைலான் வலை கட்டினேன். கிளி என்றாலே எனக்குக் கடுப்பு. அப்படிப்பட்ட என்னிடம்தான் என் மனைவி கிளி வளர்க்க வேண்டும் என்று கேட்டாள்.

மகன் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு பகலெல்லாம் அவள் வீட்டில் தனி. நான் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன். "பேசறதுக்கு ஒரு சீவன் வேணும்ல" என்றாள்.

தேனியில் ஒரு பறவைக் கடைக்குப் போனோம். சந்தையில் மாடு பிடிக்கிறவன் மாதிரி, எது குறைவாகத் தின்னும், எது குறைவாகக் கத்தும் என்று கடைக்காரரைக் குடைந்தெடுத்தேன். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் சிவந்த மூஞ்சியோடு அழகாகத்தான் இருந்தது. விரலை நீட்டியதும் கம்பி வழியாகக் கொத்த வந்தது. எனக்கே கோபம் அதிகம், வீட்டுக்கு ஒன்று போதும் என்று நகர்ந்துவிட்டேன். கொண்டை வைத்த காக்கடீல் கிளி சாதுவானது, அருமையாக விசில் அடித்தது. ஆனால் இறகிலிருந்து மாவு மாதிரி தூசி உதிரும் என்றார் கடைக்காரர். என் மனைவிக்கு இளைப்பு உண்டு. மிச்சம் இருந்தது பட்ஜி என்கிற குட்டிக் கிளி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஒரு பிடி தினை போதும், நாளெல்லாம் தனக்குத்தானே ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்.

"நம்ம பச்சைக்கிளி இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி.

"அய்யோ அக்கா, அதை வச்சிருந்தா வனத்துறையில கேசு போட்டுருவாங்க!" என்றார் கடைக்காரர்.

"இவுக தோட்டத்துப் பக்கம் போனா தெனம் நூறு பாக்கலாம்" என்று என்னை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு கூண்டைக் காட்டி, "அங்கன பாருங்க, ஒத்தையா உக்காந்திருக்கு. என்னைய மாதிரியே" என்றாள். நீல நிறத்தில் ஒரு பட்ஜி. அதையே வாங்கினோம்.

அடுத்த மாதத்தில் பெரியகுளத்தில் அவள் அக்கா வீட்டுக் காதுகுத்து. தினை வைக்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டு முந்தின நாளே கிளம்பினாள். மறுநாள் காலையில் கூண்டைத் திறந்து தினை போடும்போது திராட்சை வியாபாரி போனில் கூப்பிட்டார். பேசியபடியே வாசலுக்கு வந்துவிட்டேன். திரும்பிப் போனால் கூண்டு காலி. ஜன்னலும் திறந்து கிடந்தது.

தெரு வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து மாடி என்று தேடாத இடமில்லை. மத்தியானம் அவளிடமிருந்து போன். "போனைக் கூண்டுகிட்ட வைங்க, அது சத்தத்தைக் கேக்கணும்" என்றாள். என்ன செய்வது? போனைத் தள்ளி வைத்துக்கொண்டு நானே உதட்டைக் குவித்து 'கீச் கீச்' என்றேன்.

"ஏங்க, அது நீங்கதான?" என்றாள்.

"பறந்துருச்சு புள்ள" என்றேன். திட்டியிருந்தால் தேவலை. போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்து இறங்கினாள். "பந்தியில உக்காருன்னு மாமா எம்புட்டோ சொன்னாக. எனக்குச் சோறு எறங்கலங்க" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு தோட்டம் தாண்டினால் எங்கள் தோட்டம். அங்கேயும் பார்த்துவிடுவோம் என்று இருவரும் நடந்தோம்.

வடக்கு மூலையில் பச்சைக்கிளிகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. பழக்க தோஷம், குனிந்து மண்ணாங்கட்டியை எடுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்தாள். "இருங்க. ஏன் ஒரே எடத்துல சுத்திச் சுத்திக் கத்துதுக?"

ஓடிப் போய்ப் பார்த்தோம். வலையில் ஒரு பச்சைக்கிளி இறக்கை சிக்கித் தொங்கியது. அதற்கு ஒரு முழம் தள்ளி எங்கள் நீலம், கால் நகம் முடிச்சில் மாட்டித் தலைகீழாக, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி தொங்கிக்கொண்டிருந்தது. கிளிச் சத்தம் கேட்டுத் துணை தேடி வந்திருக்கும் போல.

குலை வெட்டும் கத்தரியால் வலையை வெட்டினேன். நீலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வந்துட்டேன்டி, வந்துட்டேன்" என்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை.

அழுகைக்கு நடுவிலேயே, "அதையும் எடுத்து விடுங்க, அதுக்கும் வலிக்கும்ல" என்றாள்.

அப்போதுதான் பச்சைக்கிளியை முழுசாகப் பார்த்தேன். வலை கட்டிய நாளிலிருந்து இப்படிச் சிக்கிச் செத்த எத்தனையோ கிளிகளைப் பிய்த்து வாய்க்கால் ஓரம் எறிந்திருக்கிறேன். ஒன்றின் கண்ணைக்கூட நான் பார்த்ததில்லை. இது என்னைப் பார்த்தது. வலையை அறுக்க அறுக்க என் கட்டைவிரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டது, ரத்தம் வந்தது. விடுபட்டதும் நேராகப் போய் என் பந்தல் குலையிலேயே உட்கார்ந்து ஒரு பழத்தைக் கொத்தியது. "கொழுப்பைப் பாரு!" என்று கத்தினேன். ஆனால் கல் எடுக்கவில்லை.

வலையை நான் அவிழ்த்துவிடவில்லை. பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் காலையும் சாயங்காலமும் கத்தரியோடு வலையைச் சுற்றி ஒரு நடை போகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும், நீலத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனையை விட்டீக?" என்பதுதான். கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டுக் கிளி ஒன்று தொங்கும்வரை தோட்டத்துக் கிளிக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்து, ஒவ்வொரு குலையை வெட்டும்போதும் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொள்கிறேன்.