கோமாவில் ஒரு மாமியார்

“மாமியாரை இந்த வாரமே முடிச்சிடுங்க சார். ஆக்சிடென்ட்டோ ஹார்ட் அட்டாக்கோ, உங்க வசதி.”

போனில் சேனலின் புரோகிராமிங் ஹெட். பேகம்பூர் டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் டீயோடு எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். சீரியல் எழுதுகிறவனுக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

நான் உருவாக்கிய தொடர் அது. குஜிலியம்பாறை ரோட்டில் ஒரு வீட்டில் ஷூட்டிங். மாமியாராக நடித்தவர் சகாயமேரி அம்மா, பழைய நாடக நடிகை. காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு வசனம் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. டேக் மேல் டேக் போனது. உடம்பு சரியில்லாதவரைச் சரிசெய்ய சேனலுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், சாகடிப்பது.

மறுநாள் மேக்கப் அறையில் அவரே கேட்டார்.

“ஏ அப்பு, என்னையக் கொல்லப் போறியாம்ல?”

“யாரும்மா சொன்னா?”

“மாலை போடுறதுக்கு போட்டோ எடுக்க வந்தாய்ங்க. இதை விட்டா எனக்கு வேற பொழப்பு இல்லப்பு. சாகுற சீன்லயாவது வசனத்தைக் கம்மியா வையி.”

அந்தக் கடைசி வரி என்னைப் பிடித்துக்கொண்டது. மாமியார் மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். சாகவில்லை, கோமா. ஒரு வசனமும் கிடையாது.

“கோமாவா? எதுக்கு சார் இழுக்குறீங்க?” என்றார் ஹெட்.

“எப்ப வேணா கண்ணு முழிப்பாங்கன்னு டாக்டர் சொல்றாரு சார். சஸ்பென்ஸ்.”

அந்த டாக்டருக்கும் வசனம் எழுதுவது நான்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. சஸ்பென்ஸ் என்ற சொல் காதில் விழுந்தால் அவர் மேற்கொண்டு யோசிப்பதில்லை.

முதல் நாள் சகாயமேரி அம்மா குறட்டை விட்டு ஒரு டேக்கைக் கெடுத்தார். பிறகு குடும்பமே ஒவ்வொருவராகக் கட்டிலருகே வந்து, தாங்கள் செய்த துரோகங்களை அவரிடம் கொட்டத் தொடங்கியது. ஒருநாள் மருமகளாக நடித்த பெண் மன்னிப்புக் கேட்டு அழுதபோது, மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஸ்கிரிப்டில் அது இல்லை.

“கிளிசரின் யாருய்யா போட்டது?” என்றார் டைரக்டர்.

அம்மா கண்ணைத் திறந்தார். “அந்தப் புள்ள அம்புட்டு அழுகுது. நான் எப்படிய்யா சும்மா கெடக்குறது?”

அந்தக் கண்ணீரை வெட்டாமல் வைத்தோம்; அந்த எபிசோடில் ரேட்டிங் ஏறியது. சேனல் மீட்டிங்கில் ஹெட் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “கோமா என்னோட ஐடியா.”

எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும் விடப் பலமாகத் தட்டியவன் நான். இந்தத் தொழிலில் நான் கற்றது இதுதான்: அடுத்தவன் எழுதிய மாமியாரை ஹெட் எப்போது வேண்டுமானாலும் கொல்வார். தன் ஐடியாவை மட்டும் கொல்லவே மாட்டார்.